பேருந்து நிலையம் அருகே முதல் கடை: இந்த விலைக்கு வாங்கலாமா?

உறையூர்க்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 36. துவாக்குடியில் ஒரு தனியார் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராகப் பணிபுரிகிறேன். குடியிருக்க அப்பா கட்டிய வீடு இருப்பதால், பன்னிரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த 17 லட்சம் ரூபாய்ச் சொச்சத்தை மாத வருமானம் தரும் ஏதாவதொரு சொத்தில் போட வேண்டும் என்று நினைக்கிறேன். மனையோ வீடோ வாங்குவதைப் பற்றி உறவினர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் கடை வாங்கியவர்கள் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இல்லை.

திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்துக்கு நடந்துபோகும் தொலைவில், 1997இல் கட்டப்பட்ட ஒரு வணிக வளாகத்தின் தரைத்தளத்தில் 240 சதுர அடிக் கடை ஒன்று விற்பனைக்கு வந்துள்ளது. சாலையைப் பார்த்த கடை அன்று. வளாகத்துக்குள் நுழைந்து இடப்பக்கம் திரும்பினால் வரும் உள்வரிசைக் கடை. வளாகத்தின் மொத்த நிலத்தில் இந்தக் கடைக்குரிய பங்கு, அதாவது பிரிபடாத நிலப் பாகம், 90 சதுர அடி. ஒன்பது ஆண்டுகளாக ஒருவர் அதில் பயணப் பைகளும் கைப்பேசி உதிரிப் பொருட்களும் விற்றுவருகிறார். மாத வாடகை 16,000 ரூபாய். அவர் கொடுத்திருக்கும் அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். கடைசியாக எழுதிய பதினொரு மாத ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. இப்போது வாய்மொழியாகவே நடக்கிறது.

உரிமையாளர் கேட்கும் விலை 32 லட்சம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புப்படி 22 லட்சத்துக்குப் பத்திரம் பதிந்துகொள்ளலாம் என்றும், மீதிப் பத்து லட்சத்தை ரொக்கமாகத் தர வேண்டும் என்றும் தரகர் சொல்கிறார். வாடகைதாரர் இருக்கும் கடை என்பதால் வாங்கிய மாதத்திலிருந்தே வருமானம் வரும், இப்படி அமைவது அரிது, இந்த வாரத்துக்குள் இரண்டு லட்சம் முன்பணம் கொடுங்கள் என்று வற்புறுத்துகிறார். 18 லட்சம் வங்கிக் கடன் வாங்கினால் என்னால் சமாளிக்க முடியும் என்று நினைக்கிறேன்.

எனக்கு மூன்று ஐயங்கள் இருக்கின்றன. 32 லட்சத்துக்கு ஆண்டு வாடகை 1,92,000 என்றால் 6 சதவீதம் வருகிறது. கடைக்கு இது நியாயமான வருமானம்தானா? பத்திரங்களில் வீட்டுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு என்ன பார்க்க வேண்டும்? வெளியூர்ப் பேருந்துகள் பஞ்சப்பூர் புதிய நிலையத்துக்குப் போய்விட்ட பிறகு இந்த இடத்துக்கு எதிர்காலம் இருக்கிறதா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கணக்குப்பிள்ளை (பதில்)

தம்பி, முப்பத்தோரு ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்து, அதில் பெரும்பகுதியைக் கடன் பிரிவில் கழித்தவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நீங்கள் சொல்லும் 6 சதவீதம் தரகரின் கணக்கு. வாங்குபவரின் கணக்கு வேறு விதமாகப் போடப்பட வேண்டும்.

முதலில் அடக்க விலையைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முழுத் தொகைக்கும் பதிந்தால் 2,88,000 ரூபாய் ஆகிறது. தரகு ஒரு சதவீதம் என்றால் 32,000. வக்கீல் கருத்துரை, வங்கி மதிப்பீட்டாளர் கட்டணம், இதர செலவுகளுக்கு ஒரு 20,000. ஆக, கடை உங்கள் கைக்கு வரும்போது அதன் அடக்கம் 35,40,000. அடுத்து வருமானம். பழைய வளாகம் என்பதால் பராமரிப்புக்கு மாதம் 1,200 என்றும், சொத்து வரி ஆண்டுக்கு 9,600 என்றும் வைத்துக்கொள்கிறேன். உண்மைத் தொகைகளை ரசீதுகளைப் பார்த்து நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு மாத வாடகை காலியிருப்புக்கும் பழுதுபார்ப்புக்கும் போகும் என்று எடுத்துக்கொள்வது கடைகளைப் பொறுத்தவரை மிகையன்று. வீடு காலியானால் அடுத்த மாதமே ஆள் வந்துவிடுவார். கடை காலியானால் ஆறு மாதம் பூட்டிக் கிடப்பதும் உண்டு. இவற்றையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது 1,52,000. அடக்க விலையில் அது 4.3 சதவீதம்தான். எந்தத் தொல்லையும் இல்லாத வங்கி வைப்புத்தொகையே அதைவிடக் கூடுதலாகத் தருகிறது. அப்படியானால் இந்தக் கடையை வாங்குவதற்குரிய ஒரே காரணம், வாடகையும் நிலத்தின் மதிப்பும் இனிமேல் உயரும் என்ற நம்பிக்கையாகத்தான் இருக்க முடியும்.

கடனைச் சேர்த்தால் நிலைமை இன்னும் இறுகுகிறது. கடைக்கு வாங்கும் கடன் வீட்டுக் கடன் அன்று. வட்டி கூடுதலாகவும், தவணைக் காலம் குறைவாகவும், மதிப்பில் வங்கி தரும் பங்கு சிறியதாகவும் இருக்கும். 18 லட்சத்துக்கு 10.5 சதவீத வட்டியில் பத்து ஆண்டுத் தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 24,300 ரூபாய் கட்ட வேண்டும். வாடகை 16,000 போக, மீதியையும் பராமரிப்பையும் வரியையும் உங்கள் சம்பளம்தான் தாங்க வேண்டும். முதலாண்டில் வட்டியாக மட்டும் 1,84,000 போகிறது; அதாவது கடை நிகரமாகச் சம்பாதிப்பதைவிட அதன் பாதி விலைக்கு வாங்கிய கடனின் வட்டி அதிகம்.

வருமான வரியிலும் வீட்டுக் கடனுக்குக் கிடைக்கும் ஆறுதல் இங்கே முழுமையாகக் கிடைக்காது. வாடகையிலிருந்து நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தை நிலைக்கழிவாகவும், கடன் வட்டியையும் கழிக்கலாம். வளாகப் பராமரிப்புத் தொகையைத் தனியாகக் கழிக்க முடியாது. கடைக் கடனின் அசலுக்கு எந்தச் சலுகையும் இல்லை. கழிவுகளுக்குப் பிறகு கணக்கு நட்டத்தில் முடிந்தால், புதிய வரிமுறையில் இருப்பவர்கள் அந்த நட்டத்தைச் சம்பளத்தில் ஈடுகட்டிக்கொள்ள முடியாது. நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள்.

தாய்ப்பத்திரம் (பதில்)

வணக்கம் சகோதரரே. ஒரு பத்திர எழுத்தர் அலுவலகத்தில் பதினைந்து ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்டிருக்கிறீர்கள் என்பதைப் பார்த்து நிம்மதியடைந்தேன். எங்களிடம் வருபவர்களில் பலர் கொடுத்துவிட்ட பிறகுதான் வருகிறார்கள்.

பத்து லட்சம் ரொக்கம் என்ற பேச்சை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதில்தான் புதிதாக வாங்குபவர்கள் தங்களுக்கு லாபம் என்று நம்பி ஏமாறுகிறார்கள். பத்து லட்சத்தை மறைப்பதால் பதிவில் உங்களுக்கு மிச்சமாவது 90,000 ரூபாய். ஆனால் நாளை நீங்கள் விற்கும்போது சட்டத்தின் கண்ணில் உங்கள் வாங்கிய விலை 22 லட்சம்தான். அந்தப் பத்து லட்சமும் லாபமாகக் கருதப்பட்டு, இன்றைய 12.5 சதவீத நீண்டகால மூலதன ஆதாய வரியின்படி 1,25,000 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். வங்கியும் பத்திரத்தில் உள்ள விலையைப் பார்த்துத்தான் கடன் தரும் என்பதால் 18 லட்சம் கிடைப்பது கடினம். அசையாச் சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. பெற்றவருக்கு அதே அளவு தொகை அபராதமாக விதிக்கப்படலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பதிவுக்கு முன் ஏதாவது தகராறு வந்தால், பத்து லட்சம் கொடுத்தேன் என்று நிரூபிக்க உங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. முழுத் தொகையையும் வங்கி வழியாகவே கொடுப்பேன் என்று உறுதியாகச் சொல்லுங்கள். அதற்கு உரிமையாளர் ஒப்புக்கொள்ளாவிட்டால் விலகிவிடுங்கள்.

ஆவணங்களில் வில்லங்கச் சான்றிதழ் முப்பது ஆண்டுகளுக்குப் போட்டுப் பார்ப்பது எல்லோரும் அறிந்ததுதான். வளாகத்தில் உள்ள கடைக்கு அது போதாது. கட்டியவர் நிலத்தை வாங்கிய மூலப்பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள், நகர நில அளவைப் பதிவேட்டு நகல் ஆகியவற்றை வாங்கி, மொத்த நிலம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த வளாகத்தில் இதுவரை விற்கப்பட்ட எல்லாக் கடைகளின் பிரிபடாத பாகங்களையும் வில்லங்கச் சான்றிதழிலிருந்து எடுத்துக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை மொத்த நிலத்தைத் தாண்டினால், கடைசியாக வாங்கியவர்களிடம் இருப்பது வெறும் காகிதம். கேட்பதற்கு விந்தையாக இருக்கும். ஆனால் தொண்ணூறுகளில் கட்டப்பட்ட வளாகங்களில் இப்படிக் கூடுதலாக விற்கப்பட்ட பாகங்களை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடம். உங்கள் கடை தரைத்தளத்தில், அதுவும் உள்வரிசையில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கால வளாகங்கள் பலவற்றில் தரைத்தளத்தின் பின்பகுதி வண்டி நிறுத்துமிடமாக அனுமதி பெறப்பட்டு, பின்னர் தடுப்புச்சுவர் எழுப்பிக் கடைகளாக மாற்றப்பட்டது. உரிமையாளரிடம் வரைபடம் இல்லையென்றால், மாநகராட்சியில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நகல் கேளுங்கள். வரைபடத்தில் உங்கள் கடை கடையாக இல்லாவிட்டால், மின் இணைப்பும் சொத்து வரி ரசீதும் உங்களைக் காப்பாற்றாது. வரி கட்டியதாலேயே விதிமீறல் சரியாகிவிடாது.

நிலம் யாருடையது என்பதையும் ஐயமறத் தெரிந்துகொள்ளுங்கள். நம் பக்கத்துக் கோயில் நகரங்களில் அடிமனை கோயிலுக்கும் கட்டடம் மட்டும் தனியாருக்கும் சொந்தமாக இருக்கும் இடங்கள் ஏராளம். ஸ்ரீரங்கத்தில் அடிமனைச் சிக்கலால் விற்கவும் முடியாமல் தவிக்கும் குடும்பங்களை நீங்களே அறிவீர்கள். அதேபோல் மாநகராட்சிக் கடையின் உரிமத்தை, பகடி எனப்படும் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு கைமாற்றுவதையும் விற்பனை என்று சிலர் சொல்கிறார்கள். அதில் உங்களுக்குச் சொத்து எதுவும் வராது. உங்கள் விஷயத்தில் நிலப் பாகம் இருப்பதால் அந்த அச்சம் குறைவு என்றாலும், மூலப்பத்திரம் வரை போனால்தான் உறுதி செய்ய முடியும்.

வாடகைதாரர் பற்றி ஒன்று. அவர் கொடுத்த ஒன்றரை லட்சம் இப்போது பழைய உரிமையாளரிடம் இருக்கிறது. அவர் காலி செய்யும் நாளில் அதை உங்களிடம்தான் கேட்பார். ஆகவே அந்தத் தொகையை விலையிலிருந்து கழித்துக்கொண்டு, கழித்த விவரத்தைக் கிரயப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய வாடகைச் சட்டத்தின்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்யப்பட வேண்டும். வாய்மொழி ஏற்பாட்டை அப்படியே சுமந்துகொள்ளாமல், கிரயத்தன்றே வாடகைதாரரோடு புதிய ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும் என்பதை விற்பனை ஒப்பந்தத்தில் நிபந்தனையாக வையுங்கள். அவர் சரக்கு சேவை வரியில் பதிந்தவரா என்றும் கேளுங்கள். 2024 அக்டோபர் 10 முதல், பதிவு பெறாத உரிமையாளரின் கடையில் பதிவு பெற்ற வணிகர் இருந்தால் வாடகைக்கான 18 சதவீத வரியை அவரே அரசுக்குக் கட்ட வேண்டும். விற்றுமுதலில் சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் இணக்க முறையில் இருப்பவர்களுக்குப் பின்னர் விலக்கு அளிக்கப்பட்டது. உங்கள் பணம் அதில் போகாது. ஆனால் வாடகை பேசும்போது அவர் அந்தச் செலவைச் சொல்லிக் குறைக்கக் கேட்பார்.

கோயம்பேட்டுக் கடைக்காரர் (பதில்)

உங்கள் மூன்றாவது கேள்விதான் என்னை எழுத வைத்தது, நண்பரே. சென்னை கோயம்பேட்டில் பேருந்து நிலையத்துக்கு அருகே எனக்கு 180 சதுர அடியில் ஒரு கடை உண்டு. அதை வாங்கியபோது நானும் வாடகையைத்தான் பார்த்தேன். வாடகை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவில்லை. தண்ணீர்ப் புட்டி, இனிப்பு, பிஸ்கட் விற்றவர் மாதம் தவறாமல் 20,000 கொடுத்தார். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் நிலையம் திறக்கப்பட்டு, அடுத்த சில வாரங்களில் தென்மாவட்டப் பேருந்துகள் அங்கே போனதும், அவர் மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடையை ஒப்படைத்தார். அவர்மேல் குறையில்லை, ஊருக்குப் போகிறவர்கள் வந்தால்தானே அவருக்கு வியாபாரம்? ஐந்து மாதம் பூட்டிக்கிடந்த பிறகு ஒரு கூரியர் முகவர் 13,000 ரூபாய்க்கு வந்தார். இன்றுவரை அவர்தான் இருக்கிறார்.

அந்த ஐந்து மாதத்தில் நான் தெரிந்துகொண்டது, கடைக்கு முன்னால் நடந்துபோகிறவர் யார், எதற்காகப் போகிறார் என்பதில்தான் வாடகை இருக்கிறது என்பது. உங்கள் வாடகைதாரர் விற்பது பயணப் பை. வெளியூர்ப் பயணி இல்லாவிட்டால் அந்த வணிகத்துக்கு அடித்தளமே இல்லை. பஞ்சப்பூர் நிலையம் 2025 மே 9 அன்று திறந்துவைக்கப்பட்டு, ஜூலையில் பேருந்துகள் அங்கிருந்து புறப்படத் தொடங்கின. நீங்கள் குறிப்பிடும் 16,000 ரூபாய் அதற்கு முன் பேசிய வாடகை என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆனாலும் அந்த இடமே முடிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். மதுரையில் 1999இல் மாட்டுத்தாவணி வந்து வெளியூர்ப் பேருந்துகள் போன பிறகும், நகரப் பேருந்துகளும் ரயில் நிலையமும் இருந்ததால் பெரியார் நிலையத்தைச் சுற்றிய கடைத்தெருக்கள் தளரவில்லை. திருச்சியிலும் நகரப் பேருந்துகள் மத்திய நிலையத்திலேயே நிற்கின்றன. ரயில் சந்திப்பு பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே மருந்துக்கடை, கண்ணாடிக்கடை, நகலகம், பல் மருத்துவமனை போன்று உள்ளூர் மக்களை நம்பும் வணிகங்கள் அங்கே நிற்க முடியும். கேள்வி என்னவென்றால், உள்வரிசையில் இருக்கும் ஒரு கடைக்கு அப்படிப்பட்டவர்கள் வருவார்களா என்பதுதான். மருந்துக்கடைக்காரர் சாலை முகப்பில்லாத கடையை ஏறிட்டும் பார்க்கமாட்டார்.

ஒரு சனிக்கிழமையும் ஒரு வேலைநாளும் காலையிலிருந்து இரவு கடையடைக்கும்வரை அங்கே போய் நில்லுங்கள். வளாகத்துக்குள் எத்தனை பேர் நுழைகிறார்கள், எத்தனை கடைகள் பூட்டியிருக்கின்றன என்று எண்ணுங்கள். கழிவறை எந்த நிலையில் இருக்கிறது, மழைநீர் எங்கே தேங்கிய தடம் தெரிகிறது என்பதையும் பாருங்கள். பிறகு தரகர் இல்லாத நேரத்தில் வாடகைதாரரோடு ஒரு தேநீர் குடியுங்கள். விற்பவர் சொல்லாத எல்லாவற்றையும் அவர் சொல்வார்.

உறையூர்க்காரன்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. கோயம்பேட்டு அண்ணன் சொன்னபடியே சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் போய் நின்றேன். மொத்தம் 22 கடைகளில் ஏழு பூட்டிக் கிடக்கின்றன. அவற்றில் ஐந்து உள்வரிசையில் இருப்பவை. திங்களன்று காலை பத்திலிருந்து பன்னிரண்டு மணிவரை உள்வரிசைப் பக்கம் வந்தவர்கள் 41 பேர். நான் வாங்க நினைத்த கடையில் ஏறியவர்கள் ஆறு பேர்.

வாடகைதாரர் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். வியாபாரம் பாதிக்கும் கீழே போய்விட்டது என்றும், தீபாவளி வரை பார்த்துவிட்டு வாடகையை 11,000 ஆகக் குறைக்கக் கேட்கப்போவதாகவும், அதை உரிமையாளரிடம் ஏற்கெனவே தொலைபேசியில் சொல்லிவிட்டதாகவும் கூறினார். தரகர் என்னிடம் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. முழுத் தொகையையும் வங்கி வழியாகத்தான் தருவேன் என்று நான் சொன்னதும் அவருடைய பேச்சின் தொனியே மாறிவிட்டது. வரைபட நகலுக்கு விண்ணப்பித்திருக்கிறேன், இன்னும் வரவில்லை. முன்பணம் எதுவும் கொடுக்கவில்லை.

கணக்குப்பிள்ளை ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். 11,000 வாடகை என்றே வைத்துக்கொண்டால், எந்த விலைக்கு இந்தக் கடையை வாங்கலாம்?

கணக்குப்பிள்ளை

தம்பி, இரண்டு நாள் நின்று எண்ணிவிட்டு வந்திருக்கிறீர்கள்; அதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். 11,000 வாடகையில் முன்போலவே கழிவுகள் போட்டால் ஆண்டுக்கு 97,000 மிஞ்சும். ஐந்து சதவீதமாவது நிகரமாக வர வேண்டுமென்றால் எல்லாச் செலவும் சேர்த்து 19,40,000க்குள் முடிய வேண்டும். ஆனால் வழிகாட்டி மதிப்பு 22 லட்சம் என்பதால், நீங்கள் எவ்வளவு குறைத்து வாங்கினாலும் பதிவுச் செலவு 22 லட்சத்துக்குத்தான், அதாவது 1,98,000. அதைத் தவிரவும் ஒரு தடை இருக்கிறது. வழிகாட்டி மதிப்பு கிரய விலையைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், இரண்டுக்கும் இடையிலுள்ள முழு வித்தியாசமும் வாங்குபவரின் வருமானமாகக் கருதப்பட்டு வரி விதிக்கப்படும். ஆகவே 20 லட்சத்துக்குக் கீழே வாங்கினால் அதுவே உங்களுக்குச் சுமையாகிவிடும். சரியாக 20 லட்சத்துக்கு வாங்கினாலும், பதிவுச் செலவும் தரகும் சேர்த்து அடக்கம் ஏறத்தாழ 22,40,000. நிகர வருமானம் மறுபடியும் 4.3 சதவீதத்திலேயே வந்து நிற்கிறது.

32 லட்சம் கேட்பவர் 20 லட்சத்துக்கு இறங்கமாட்டார். இறங்கினாலும் இந்தக் கடை உங்கள் முதல் கடையாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் 17 லட்சத்தை வைப்புத்தொகையில் விட்டு வையுங்கள். கே.கே. நகர், தில்லைநகர் பக்கம் குடியிருப்புகளுக்கு நடுவே சாலை முகப்போடு ஒரு சிறு கடை வரும்வரை காத்திருங்கள். 150 சதுர அடியே ஆனாலும் பரவாயில்லை. அப்படி ஒன்று வந்தால் விலையையும் வாடகையையும் சொத்து வரி ரசீதையும் வழிகாட்டி மதிப்பையும் இங்கே எழுதுங்கள். உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.

தாய்ப்பத்திரம்

வரைபட நகல் வந்ததும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சகோதரரே. இந்தக் கடை வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தாலும், அதில் உள்ள அளவுகளைத் தரையில் நீங்கள் பார்த்த கடைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்த கடைக்கு வரைபடம் வாசிக்க வேண்டி வரும்போது உங்களுக்குக் கை பழகியிருக்கும்.